கமராவிலிருந்து கனடா வரை: பெரிய படக் கோப்புகளை அனுப்பும் வழி

வட்ஸ்அப்பில் போட்டால் படம் மங்குகிறது. மங்காமல் அனுப்பப் பார்த்தால் பாதியில் நின்றுவிடுகிறது. திருகோணமலை உவர்மலையில் கலியாணம் முடிந்த மறுநாளே கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் சித்தி "படம் எங்கே?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார். ஸ்டூடியோக்காரர் கொடுத்த பென் டிரைவையோ புதுக் கமராவின் கார்டையோ கையில் வைத்துக்கொண்டு, 12 ஜிபியை எப்படி அனுப்புவது என்று முழிப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரே படத்துக்கு மூன்று பிரதிகள் உண்டு. கமராவில் விழுந்தபடியே இருக்கும் மூலம். அல்பத்துக்கோ பிரேமுக்கோ போகும் அச்சுப் பிரதி. போனிலும் முகநூலிலும் பார்ப்பதற்கான பகிர்வுப் பிரதி. வருகிற தொல்லைகளில் பாதி, இந்த மூன்று வேலைக்கும் ஒரே கோப்பை ஓட்டப் பார்ப்பதால் வருபவை. மூலத்தை வட்ஸ்அப்பில் தள்ளினால் செயலி தன் இஷ்டத்துக்குச் சுருக்கும். சுருங்கி வந்த அந்தப் படத்தைப் பிறகு ஸ்டூடியோவில் பெரிதாக அடிக்கக் கொடுத்தால் முகம் மாப்பூசினதுபோல வரும். சுருக்க வேண்டியதை நீங்களே, எவ்வளவு என்று தெரிந்து சுருக்குவதுதான் முழு வித்தையும்.

கணக்கு

24 மெகாபிக்சல் கமராவின் படம் 6000 × 4000 பிக்சல். நல்ல தரத்தில் ஜேபெக் (ஜேபிஜி என்பதும் இதுதான்) ஆக எடுத்தால் ஒன்று 8 முதல் 12 எம்பி வரை வரும். ரோ கோப்பு (கமரா பதப்படுத்தாமல் அப்படியே வைக்கும் கோப்பு) என்றால் 25 முதல் 30 எம்பி. சுருக்காத ரோ அதற்கும் மேலே போகும். 1,200 படம் எடுத்த கலியாணம் ஜேபெக்கில் ஏறத்தாழ 12 ஜிபி.

இரண்டு படங்களின் பிக்சல் கணக்கு ஒன்றாக இருந்தும் எம்பி வேறாக இருப்பதைப் பார்த்துக் குழம்பவேண்டாம். ஜேபெக் என்பது படத்தில் நுணுக்கம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு இடம் பிடிக்கும் முறை. நிலாவெளி மணலும் அலை நுரையும் நிறைந்த படம் பெரிதாகவும், வெறும் வானம் நிறைந்த படம் சிறிதாகவும் வரும். இரவில் ஐஎஸ்ஓவை (ஒளிக்குக் கமராவின் உணர்திறன்) கூட்டி எடுத்த தேர்த் திருவிழாப் படங்கள் இன்னும் பருக்கும்; அதில் சேரும் புள்ளி இரைச்சலையும் கமரா நுணுக்கம் என்று எண்ணிச் சேமித்துவிடுகிறது.

அடுத்தது வேகம். இணைய நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன, கோப்பு மெகாபைட்டில் இருக்கிறது. 8 ஆல் வகுக்க வேண்டும். அதோடு, விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பதிவிறக்க வேகம். உங்களுக்கு இப்போது வேண்டியது பதிவேற்ற வேகம், அது பெரும்பாலும் குறைவு. ஒரு வேகச் சோதனைத் தளத்தில் "அப்லோட்" என்று வரும் எண்ணைப் பாருங்கள். அது விநாடிக்கு 5 மெகாபிட் என்று வைத்தால், 12 ஜிபி ஏற 5 மணித்தியாலம் 20 நிமிடம். அதே 1,200 படங்களைப் பகிர்வுப் பிரதியாகச் சுருக்கினால், ஒன்று 600 கேபி படி 720 எம்பி, 20 நிமிடத்துக்குள் போய்விடும். இது எந்த இடையூறும் இல்லாத கணக்கு. நடைமுறையில் கால்வாசி நேரம் கூட்டிவையுங்கள்.

கார்டிலிருந்து கணினிக்கு

கமராவை வயர் போட்டுக் கணினியில் மாட்டுவதைவிடக் கார்ட் ரீடர் நல்லது. யூஎஸ்பி 2 ரீடர் விநாடிக்கு 30 எம்பி அளவில்தான் இழுக்கும், 12 ஜிபிக்கு 7 நிமிடம். யூஎஸ்பி 3 ரீடரும் நல்ல கார்டும் இருந்தால் இரண்டு, இரண்டரை நிமிடத்தில் முடியும். யூஎஸ்பி 3 துளையின் உள்நாக்கு பல லப்டொப்களில் நீல நிறமாக இருக்கும்.

"கட்" செய்து ஒட்டாதீர்கள், "கொப்பி" செய்யுங்கள். நகர்த்தும்போது நடுவில் மின்சாரம் போனாலோ ரீடர் கழன்றாலோ சில படங்கள் இரண்டு பக்கத்திலும் இல்லாமல் போகக்கூடும். கொப்பி முடிந்ததும் கார்டின் கோப்புறை, கணினியின் கோப்புறை இரண்டிலும் வலது கிளிக் செய்து ப்ரொப்பட்டீஸ் பாருங்கள். கோப்பு எண்ணிக்கையும், "சைஸ்" வரிசையில் அடைப்புக்குள் இருக்கும் பைட் எண்ணும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள "சைஸ் ஒன் டிஸ்க்" வேறுபடலாம். அது வட்டின் அமைப்பைப் பொறுத்தது, கவலை வேண்டாம். இரண்டு இடத்தில் பிரதி எடுத்த பிறகே கார்டை அழியுங்கள். அழிப்பதையும் கணினியில் செய்யாமல் கமராவின் போர்மட் மெனுவில் செய்யுங்கள்.

இரண்டு கமராவால் எடுத்த விழா என்றால் ஒரு பொறி இருக்கிறது. கமராக்கள் கோப்பு எண்ணை 9999 வரை ஓட்டிவிட்டு மறுபடி 0001 இல் தொடங்கும். இரண்டு கமராவிலும் ஒரே பெயருள்ள கோப்பு இருந்து, ஒரே கோப்புறையில் போட்டு "ரிப்ளேஸ்" அழுத்தினால் ஒன்று போனது போனதுதான். கமராவுக்கு ஒரு கோப்புறை வையுங்கள். பெயரை மாற்றுவதென்றால் 2025-03-14-0001 என்பதுபோல ஆண்டு, மாதம், நாள், வரிசை எண் என்று வையுங்கள். பெயர்ப்படி அடுக்கினாலே நாள்வரிசை வந்துவிடும். கோப்புப் பெயரில் தமிழ் எழுத்து தவறில்லை. ஆனால் பழைய சிப் (zip, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் முறை) மென்பொருள்கள் அதைப் புரியாத குறிகளாக்கி அவிழ்க்கும். வெளியே அனுப்பும் கோப்புக்கு எண்ணும் ஆங்கில எழுத்துமே பாதுகாப்பு.

ஐபோன்காரருக்கு ஒரு தனிக் குறிப்பு. விண்டோஸ் கணினிக்கு வயரால் இறக்கும்போது "கருவி இயங்கவில்லை" என்ற பிழைச் செய்தியோடு நடுவில் நிற்பது மிகச் சாதாரணம். ஐபோன் 2017 இலிருந்து படங்களை எச்ஈஐசி என்ற வடிவில் சேமிக்கிறது. கணினிக்குக் கொடுக்கும்போது ஒவ்வொன்றாக ஜேபெக்காக மாற்றிக்கொண்டே கொடுக்கிறது, அதில்தான் திணறுகிறது. போனின் செட்டிங்சில் போட்டோஸ் பகுதிக்குப் போய் அடியில் உள்ள "ஓட்டோமட்டிக்" என்பதை "கீப் ஒரிஜினல்ஸ்" என்று மாற்றினால் நின்றுவிடாது. இனிமேல் எடுப்பவை நேராக ஜேபெக்காக வரவேண்டுமென்றால் கமரா பகுதியில் "மோஸ்ட் கொம்பட்டிபிள்" தெரிவுசெய்யுங்கள். இடம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

பென் டிரைவ்

ப்ரொப்பட்டீசில் "பைல் சிஸ்டம்" (கோப்புகளை அடுக்கும் முறை) என்ன என்று பாருங்கள். எப்ஏடி32 என்றிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை அது ஏற்காது. 32 ஜிபி பென் டிரைவ் வெறுமையாக இருந்தும் 5 ஜிபி வீடியோவுக்கு "கோப்பு மிகப் பெரிது" என்று சொல்வது இதனால்தான். தனிப்படங்களுக்குச் சிக்கல் இல்லை, சிப் கோப்புக்கும் வீடியோவுக்கும் மட்டுமே. எக்ஸ்எப்ஏடி ஆகப் போர்மட் செய்தால் தீரும். உள்ளே இருப்பது எல்லாம் அழியும் என்பதால் முதலில் எடுத்துவையுங்கள். வீட்டில் பழைய டிவியில் மாட்டிப் பார்ப்பவர்கள் அவசரப்படவேண்டாம், எக்ஸ்எப்ஏடியைப் படிக்காத டிவிகள் இன்னும் நிறைய உண்டு.

கொமியூனிகேஷன் கடைகளில் பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவைக் கொடுத்துத் திரும்ப வாங்கினால், சில வேளை உள்ளே படங்களைக் காணோம், குறுக்குவழிச் சின்னங்கள் மட்டும் நிற்கும். வைரஸ் படங்களை மறைத்து வைத்திருக்கிறது, பெரும்பாலும் அழிக்கவில்லை. அந்தச் சின்னங்களைத் திறக்காமல் முதலில் வைரஸ் தடுப்பால் சோதித்து, பிறகு மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி எடுக்கலாம். இதைவிட நல்லது, கடைக்கென்று ஒரு சின்ன பென் டிரைவை ஒதுக்கி, அடிக்க வேண்டிய படங்களை மட்டும் அதில் கொண்டுபோவது. மூலம் இருக்கும் டிரைவ் வீட்டுப் படி தாண்டக்கூடாது.

பகிர்வுப் பிரதி செய்வது

நீள் பக்கம் 2048 பிக்சல், ஜேபெக் தரம் 80 முதல் 85, நிறவெளி (நிறங்களைக் குறிக்கும் முறை) எஸ்ஆர்ஜிபி. இந்த மூன்றையும் மனதில் வைத்தால் போதும். போன், லப்டொப், சாதாரண டிவி எல்லாவற்றுக்கும் இது தாராளம். முழு எச்டி டிவியே 1920 பிக்சல் அகலம்தான். முகநூலும் 2048 க்கு மேல் வைத்திருப்பதில்லை. இன்ஸ்டகிராமுக்கு மட்டும் 1080 அகலம், நெடும்படம் என்றால் 1080 × 1350.

நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றொன்றாகத் திறந்து சுருக்குவது பைத்தியக்கார வேலை. விண்டோசில் இர்பான்வியூ என்ற மென்பொருள் சொந்தப் பாவனைக்கு இலவசம், மெலிந்த பழைய கணினியிலும் ஓடும்.

1. "பகிர்வு" என்று புதிய கோப்புறை ஒன்று உருவாக்குங்கள். மூலக் கோப்புறைக்கு உள்ளே வேண்டாம், வெளியே.
2. இர்பான்வியூவைத் திறந்து பி விசையை அழுத்துங்கள். தொகுதி மாற்றப் பெட்டி திறக்கும்.
3. வலப்பக்கத்தில் மூலக் கோப்புறையைக் காட்டி "அட் ஓல்" கொடுங்கள்.
4. வெளியீட்டு வடிவம் ஜேபிஜி. பக்கத்தில் உள்ள "ஒப்ஷன்ஸ்" இல் தரம் 82.
5. "அட்வான்ஸ்ட்" பெட்டியில் "ரீசைஸ்" தெரிவுசெய்து, நீள் பக்கம் 2048 என்று போடுங்கள். சிறிய படங்களைப் பெரிதாக்காதே என்ற தெரிவையும் குறியிடுங்கள்.
6. வெளியீட்டுக் கோப்புறை "பகிர்வு" தானா என்று இன்னொரு முறை பாருங்கள். இதில் பிழை விட்டால் மூலத்தின் மேலேயே சின்னப் படம் எழுதப்படக்கூடும். திரும்பி எடுக்க வழியில்லை.
7. முதலில் பத்துப் படத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ஓட்டுங்கள்.

அந்தப் பத்தைச் சும்மா தெரிந்தெடுக்கவேண்டாம். மணப்பெண்ணின் சிவப்புக் கூறைச்சேலை ஒன்று, கோணேசர் மலையில் வானமும் கடலும் சேர்ந்த ஒன்று, மண்டபத்துக்குள் இரவில் எடுத்த ஒன்று, நெடுக்காகப் பிடித்த ஒன்று இருக்கட்டும். பிழை பிடிபடும் இடங்கள் இவைதான்.

சிவப்புச் சேலையில் சரிகை ஓரம் கசிந்ததுபோலத் தெரிந்தால் அதற்குத் தரம் குறைந்தது காரணமில்லை. ஜேபெக் நிறத்தகவலைப் பாதியாக்கிச் சேமிப்பதால் வருவது அது, கடும் சிவப்பில்தான் அதிகம் தெரியும். சேமிப்புத் தெரிவுகளில் நிற மாதிரிக் குறைப்பை (குரோமா சப்சாம்ப்ளிங்) நிறுத்தும் ஒரு குறியீடு உண்டு, அதைப் போடுங்கள். கோப்பு கொஞ்சம் பருக்கும், சேலை தப்பும். வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் தரத்தை 88 அளவுக்கு உயர்த்துங்கள். 70 க்குக் கீழே போனால் வானம் கட்டம் கட்டக்கூடும். நெடுக்கான படம் படுத்திருந்தால் திருப்பத் தகவல் கழன்றிருக்கிறது. படம் திறக்கும்போது தானாகத் திருப்பும் தெரிவை அமைப்புகளில் இயக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

நிறம் முழுவதும் சோர்ந்து, தோல் சாம்பல் பூத்ததுபோல வந்தால் கமரா அடோப் ஆர்ஜிபி என்ற வேறு நிறவெளியில் இருந்திருக்கிறது. அதைச் சரியாகப் படிக்காத செயலிகளில் அப்படித்தான் தெரியும். படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்ற வேண்டும். கமரா மெனுவிலும் எஸ்ஆர்ஜிபி ஆக்கிவிடுங்கள், வீட்டுப் பாவனைக்கு மற்றது தேவையில்லை. லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருள் வைத்திருப்பவர்கள் எக்ஸ்போர்ட் பெட்டியில் நீள் பக்கம் 2048, தரம் 80, எஸ்ஆர்ஜிபி, திரைக்கான கூர்மை என்று ஒரு முறை அமைத்துப் பெயரிட்டுச் சேமித்தால் ஆயுசுக்கும் போதும். போன் மட்டும் உள்ளவர்களுக்கு ஸ்னாப்சீட் என்ற படத் திருத்தச் செயலியின் அமைப்பில் ஏற்றுமதி அளவைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் ஒவ்வொரு படமாகத்தான்.

ஒரு ஜேபெக்கைத் திறந்து திருத்தி மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரம் கழியும். பகிர்வுப் பிரதியைத் திருத்தி அதிலிருந்து இன்னொன்று செய்யாதீர்கள். எப்போதும் மூலத்திலிருந்தே புதிதாகச் செய்யுங்கள்.

அச்சுக்குப் போவது வேறு அளவு. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று பெருக்குங்கள்: 4 × 6 படத்துக்கு 1200 × 1800, 8 × 12 க்கு 2400 × 3600. வட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் பொதுவாக 1600 பிக்சல் அளவில்தான் இருக்கும். அதை 4 × 6 இல் அடித்தால் ஒப்பேறும். 8 × 12 இல் அங்குலத்துக்கு 133 பிக்சல்தான் மிஞ்சும், பிரேம் போட்டுச் சுவரில் மாட்ட உதவாது.

எந்த வழியால் அனுப்புவது

ஐந்தாறு படம் என்றால் வட்ஸ்அப் போதும். ஆனால் படம் என்று அனுப்பாமல், இணைப்புக் குறியை அழுத்தி "டொக்கியூமென்ட்" வழியாகத் தெரிவுசெய்யுங்கள். கோப்பு எப்படி இருக்கிறதோ அப்படியே போகும், ஒரு கோப்புக்கு 2 ஜிபி வரை. "எச்டி" பொத்தான் சாதாரணத்தைவிடத் தேவலை, ஆனால் அதுவும் சுருக்குகிறது. டெலிகிராமிலும் கோப்பாக அனுப்பலாம், அங்கேயும் 2 ஜிபி.

மின்னஞ்சல் படத்துக்கு ஏற்ற வழி இல்லை. ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. அதோடு இணைப்புகள் மின்னஞ்சலுக்குள் எழுத்தாக மாற்றப்பட்டுப் போவதால் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும், மறுபக்கத்துச் சேவை அதைத் திருப்பி அனுப்பவும் கூடும். விசாவுக்கோ விண்ணப்பத்துக்கோ ஒரு படம் அனுப்புவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் இருப்பவருக்கு இணையமே வேண்டாம். அன்ட்ரொய்டில் குயிக் ஷெயார், ஐபோனில் எயார்டிரொப். புறாமலைக்குப் படகில் போய்வந்த கூட்டம் நிலாவெளிக் கரையிலேயே நின்று படங்களை மாற்றிக்கொள்ளலாம், ஒரு எம்பி டேட்டா செலவில்லை, தரமும் குறையாது.

முழு விழாவையும் வெளிநாட்டுச் சனத்துக்குக் கொடுக்க, இணைப்பு முகவரிதான் வழி. கூகுள் டிரைவில் இலவசமாக 15 ஜிபி உண்டு, ஆனால் ஜிமெயிலும் கூகுள் போட்டோசும் அதே 15 க்குள்தான் பங்கு போடுகின்றன. இடம் நிரம்பினால் மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும் என்பதால் ஏற்ற முன் பாருங்கள். போட்டோசில் "ஸ்டோரேஜ் சேவர்" தெரிவில் இருந்தால் 24 மெகாபிக்சல் படம் 16 ஆகக் குறைக்கப்படும். மூலத்தை வைக்க நினைப்பவர்கள் "ஒரிஜினல்" என்று மாற்ற வேண்டும். ஒரே முறை பெரிதாக அனுப்ப சுவிஸ்டிரான்ஸ்பர் என்ற இணையத்தளம் நல்லது: கணக்குத் திறக்காமல் 50 ஜிபி வரை, 30 நாள் வரை நிற்கும்.

டிரைவில் கோப்புறையைப் பகிரும்போது பொது அணுகலை "எனிவன் வித் த லிங்க்" என்று மாற்ற மறந்துவிடுகிறார்கள். பெறுபவருக்கு "அனுமதி கேள்" என்ற பக்கம் வரும், அவர் கேட்பார், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். முகவரியை அனுப்ப முன் உலாவியின் மறைநிலை (இன்கொக்னிட்டோ) யன்னலில் ஒட்டிப் பாருங்கள். அங்கே திறந்தால் எல்லாருக்கும் திறக்கும்.

ஏற்றம் நடுவில் நிற்பது

ஜேபெக்கைச் சிப் ஆக்கினால் சிறுக்கும் என்று நம்புகிறவர்கள் அநேகர். சிறுக்காது, அது ஏற்கெனவே சுருக்கப்பட்ட வடிவம். சிப்பின் பயன், ஆயிரம் கோப்பு ஒன்றாவதும் வழியில் யாரும் தொடாததும்தான். 7-சிப் என்ற மென்பொருளில் சுருக்க அளவை "ஸ்டோர்" என்று வைத்தால் வீணாகக் காத்திருக்கத் தேவையில்லை. 12 ஜிபியை ஒரே சிப்பாகக் கட்டாதீர்கள். 11 ஜிபியில் இணைப்பு அறுந்தால் உலாவி பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்கும். "பொன்னுருக்கு", "தாலிகட்டு", "வரவேற்பு" என்று நிகழ்வுப்படி 1 ஜிபி அளவில் பிரித்துக் கட்டுங்கள். துண்டு துண்டாக வெட்டும் வசதியும் 7-சிப்பில் உண்டு. ஆனால் ஒரு துண்டு குறைந்தாலும் முழுவதும் திறக்காது, போனில் திறப்பதும் சிரமம். வயதானவர்களுக்கு அந்த வழியில் அனுப்பவேண்டாம்.

ஏற்றத் தொடங்க முன் லப்டொப்பின் உறக்க நேரத்தை "நெவர்" ஆக்குங்கள். மூடியை மூடவும் கூடாது. அன்ட்ரொய்ட் போனில் ஏற்றினால் அந்தச் செயலிக்கு பட்டரிச் சிக்கனத்தை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் ஏற்றமும் அணைந்துவிடும். மின்வெட்டில் லப்டொப் பட்டரியில் ஓடும், ரவுட்டர் ஓடாது. கடைகளில் கிடைக்கும் மினி யூபிஎஸ் ஒன்று போதும், ஆனால் ரவுட்டரின் அடப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். டிரைவின் கணினிச் செயலியை நிறுவி அதன் வழியாக ஏற்றினால், அறுந்தாலும் மிச்சத்தைத் தானே தொடரும். பெரிய ஏற்றத்துக்கு அதுவே மேல். உங்கள் டேட்டாப் பொதியில் இரவுக்குத் தனி அளவு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கிவிட்டுப் படுக்கலாம்.

வைப்பும் மறைப்பும்

மூலங்களை இரண்டு வெளி வட்டில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள், முடிந்தால் கரையிலிருந்து தள்ளி. 2004 டிசம்பர் 26 இல் கடல் ஏறியபோது வீட்டோடு அல்பத்தையும் இழந்தவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். உப்புக் காற்றுக்கு வட்டைத் திறந்தபடி மேசையில் விடாமல், சிலிக்கா ஜெல் பையோடு மூடும் பெட்டியில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாட்டிச் சில படங்களைத் திறந்து பார்ப்பது நல்லது.

போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு (வரைபடத்தில் இடத்தைக் காட்டும் எண்கள்) இருக்கலாம். படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதை நீக்கிவிடும். டொக்கியூமென்ட் வழியாக அனுப்பினால் அப்படியே போகும். வீட்டில் எடுத்த பிள்ளைகளின் படங்களைப் பொதுவில் போட முன் விண்டோசில் ப்ரொப்பட்டீஸ், டீட்டெய்ல்ஸ் பகுதியின் அடியில் தனிப்பட்ட தகவலை நீக்கும் வரியை அழுத்தி, தகவல் நீக்கிய பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெறுபவருக்கு அனுப்பும் செய்தியில் மொத்தப் படங்கள் எத்தனை, சிப் எத்தனை, இணைப்பு எந்தத் திகதி வரை என்று எழுதுங்கள். டிரைவில் பெரிய கோப்புறையை ஒன்றாக இறக்கினால் கூகுளே அதைப் பல சிப்பாகப் பிரித்துத்தான் கொடுக்கும். முதலாவதை மட்டும் திறந்துவிட்டு "தாலிகட்டினது இல்லையே தம்பி" என்று அழைப்பு வருவது அதனால்தான். எல்லாரும் இறக்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும் பொது அணுகலை மறுபடி "ரெஸ்ட்ரிக்டட்" ஆக்கிவிடுங்கள்.